பெண் பார்க்கும் ஞாயிறு

“சீக்கிரம் உள்ள கூட்டிக்கினு போங்க மிஸ், யார்னா பாத்துறப் போறாங்க!”

பூங்கொடி தன் மகன் மணியை மையத்தின் கேட்டுக்குள் பிடித்துத் தள்ளாத குறைதான். இருபத்தாறு வயது மணி, வழித்து வாரிய தலையும் மடிப்புக் கலையாத நீலச் சட்டையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றான்.

விஜயகுமாரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. மதுராந்தகம் ஏரிக்கரை ஓரத்தில் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையத்தைப் பதினோரு வருஷமாக நடத்துகிறவள் அவள். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே குடும்பக் கூட்டம் நடக்கும். பிள்ளைகளும் பெற்றவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பாடி, விளையாடி, சாப்பிட்டுப் போகட்டும் என்று அவளே ஆரம்பித்தது. முகூர்த்த மாதம் பிறந்தால் மட்டும் பிள்ளைகள் தனியாக வந்து இறங்குவார்கள்.

“பொண்ணு பாக்க வராங்களா?”

“பத்தரைக்கு வராங்க மிஸ். ரெண்டே மணி நேரம் வெச்சிக்கோங்க, போதும்.”

“இவன் பொண்ணுக்குக் கூடப் பொறந்த அண்ணன்தானே? வூட்ல இருந்தா இன்னா?”

“தரகர்கிட்ட ஒரே பொண்ணுன்னு சொல்லிட்டோம்.”

விஜயகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்ல ஒரு தாய்க்கு வாய் எப்படித்தான் வருகிறதோ!

“சரி, எடம் அமைஞ்சுதுன்னு வெச்சுக்கோ. கல்யாணத்தன்னிக்கு இவன இன்னா பண்ணுவ?”

பூங்கொடி தரையைப் பார்த்தாள். “அன்னிக்கும் உங்ககிட்டதான் வுடணும் மிஸ்.”

“இது இன்னா மையமா, வேண்டாததப் போட்டு வெக்கிற பரணா?”

இந்தச் சண்டையின் நடுவில் கேட்டுக்கு வெளியே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. விஜயகுமாரி திரும்பிப் பார்ப்பதற்குள் கிளம்பியும் போய்விட்டது. உதவியாளர் ஜெரோம் ஓர் இளம்பெண்ணின் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

“பேரு செல்லம்மாவாம் மிஸ். பொத்தேரிலேர்ந்து வராங்க, நம்ம கூட்டத்தப் பத்தி வாட்சப் குரூப்புல பாத்தாங்களாம். எங்கியோ சாவுக்குப் போறாங்களாம், மதியம் வந்து கூட்டிக்கினு போறேன்னாங்க. கார் கதவத் தொறந்தா ஒரே மல்லிப்பூ வாசன!”

“போவட்டும், எல்லாரும் போவட்டும்! பாத்துக்க நான் ஒருத்தி இளிச்சவாய் கீறேனே!” என்று பொரிந்தாள் விஜயகுமாரி. அதுதான் சமயம் என்று பூங்கொடி நழுவிவிட்டாள்.

உள்ளே பந்து விளையாட்டு ஆரம்பித்தது. செல்லம்மா புது இடத்தில் மிரண்டுபோய், விஜயகுமாரியின் முந்தானையைப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள். மணி கேட்டை விட்டு நகரவே இல்லை.

“மணி, வா, பந்து போடலாம்.”

“பாப்பாவுக்கு மாப்ள வராரு மிஸ். நான்தான் வாங்கன்னு சொல்லணும். நான்தான் அண்ணன்.”

சொல்லிவிட்டு அவன் கேட்டுக் கம்பியைப் பார்த்துக் கைகூப்பினான். “வாங்க, உக்காருங்க.” திரும்பவும் கைகூப்பினான். “வாங்க, உக்காருங்க.” எத்தனை நாளாகப் பழகினானோ, பாவி மகன்.

விஜயகுமாரியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“ஜெரோம், இங்க பாத்துக்கோங்க. நான் ஒரு வூட்டுக்குப் போயிட்டு வரேன்.”

ஆட்டோவில் மணியை ஏற்றினாள். முந்தானையை விடாத செல்லம்மாவும் கூடவே ஏறிக்கொண்டாள். அழவிட்டுப் போக மனமில்லாமல் விஜயகுமாரி அவளையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள்.

வழி நெடுக விஜயகுமாரியின் வாய் ஓயவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மணியைப் பார்த்ததும் எழுந்து போவார்களா? போகட்டுமே. இவனைக் கண்டு முகம் சுளிக்கிற குடும்பத்தில் அந்தப் பெண் வாழ்க்கைப்படாமல் இருப்பதே மேல். இப்படியெல்லாம் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டதில் அவள் கோபம் இன்னும் ஏறியது.

பூங்கொடியின் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கூடத்தில் கேசரியும் பஜ்ஜியும் பரிமாறியாகிவிட்டது. பூங்கொடி காபித் தட்டோடு சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். விஜயகுமாரிக்கு வேறு யாரும் கண்ணில் படவில்லை, நேராக அவள் எதிரில் போய் நின்றாள்.

“இன்னாம்மா, ஒரே பொண்ணா உனக்கு? அப்ப இவன் யாரு? எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க, இவன் மணி! பொண்ணோட அண்ணன்!”

மணி கைகூப்பினான். “வாங்க, உக்காருங்க.”

பூங்கொடியின் கையிலிருந்த தட்டு சரிந்து காபி தரையெல்லாம் ஓடியது. “என் குடியக் கெடுத்துட்டியேம்மா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“கெட்டா கெடட்டும்!” விஜயகுமாரி விருந்தாளிகள் பக்கம் திரும்பினாள். “இப்பிடி ஒருத்தன் கூடப் பொறந்த பொண்ணு வேணாம்னு நெனைக்கிறவங்க இப்பவே எழுந்து போவலாம்!”

யாரும் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளைப் பையன் முகம் வெளிறிப்போய்க் குனிந்துகொண்டான். அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் செல்லம்மா விஜயகுமாரியின் முந்தானையை விட்டாள். தரையில் கிடந்த காபியை மிதித்துக்கொண்டு நேராக மாப்பிள்ளையிடம் போய், அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“அண்ணே, என்ன மட்டும் ஏன் கூட்டிக்கினு வரல?”