நாரும் மாவும்

மரவள்ளிச் செடியின் ஒரே இலையில், ஒரே வெயிலில் பிறந்த சர்க்கரைகள் அக்காவும் தங்கையும்.

அக்கா தண்டுக்குப் போனாள். அங்கே வந்த சர்க்கரைகள் ஒருத்தி நேராகவும் அடுத்தவள் தலைகீழாகவும் நின்று கைகோத்து, நாராக இறுகிப்போனார்கள். தங்கை கிழங்குக்குப் போனாள். அங்கே எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தபடி தளர்வாகக் கைகோத்து மாவானார்கள்.

"இதெல்லாம் ஒரு பிடியா? யார் கேட்டாலும் விட்டுவிடுவாய் போலிருக்கிறதே!" என்று அக்கா சிரித்தாள்.

மழை பொய்த்தது. இலைகளெல்லாம் உதிர்ந்தன. தண்டின் உச்சியில் ஒரு குருத்து பசியில் சுருண்டது.

"பெரியம்மா, நீங்களும் சர்க்கரைதானே? ஒரு வாய் கொடுங்களேன்."

அக்கா கையை உதறினாள், இழுத்தாள். பிடி விடவில்லை. பிரித்துவிட அந்தச் செடியில் ஆளும் இல்லை.

கீழே தங்கை கையை விட்டுவிட்டு மேலே ஏறி வந்தாள். "வழி விடு அக்கா, பிள்ளை பசியோடு இருக்கிறது."

"அன்றைக்கு நான் சிரித்தது..." என்று அக்கா தொடங்குவதற்குள் அவள் தாண்டிப் போய்விட்டாள்.

குருத்து பச்சையாக விரிந்தது. "சித்தி எங்கே, பெரியம்மா?" என்று கேட்டது.

தங்கை கரைந்து கலந்துபோன அந்தத் தளிரையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தடவிக்கொடுக்கக்கூட அவளுக்கு ஒரு கை ஒழியவில்லை.