மிதி, பிடி, விடு

காரின் பின்சக்கர பிரேக்கை நானே சரிசெய்துவிட்டேன் என்று எல்லோரிடமும் தம்பட்டம் அடித்திருந்தேன். மறுநாளே சக்கரம் கிறீச்சிட்டது, தரையில் பிரேக் ஆயில் சொட்டியது.

ஞாயிறு காலை மறுபடி காருக்கு அடியில் படுத்தேன். கிறீச்சுக்குக் காரணம், நான் தலைகீழாக மாட்டிய க்ளிப். ஒழுகலுக்குக் காரணம், பழைய வாஷரையே திரும்பப் போட்ட என் சோம்பேறித்தனம். இரண்டையும் மாற்றினேன். இனிக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். கார் கதவு திறந்து மூடியது. மனைவி வந்துவிட்டாள்.

"மிதி," என்றேன். "பிடி. விடு."

சொன்னபடியே நடந்தது. போன தடவைபோல அவள் அவசரப்பட்டுக் காலை எடுக்கவில்லை. ஆயிலோடு வந்த காற்றுக் குமிழிகள் நின்றன. "போதும்மா," என்று வெளியே வந்தேன்.

மனைவி ஈரத்தலையோடு வாசலில் நின்றாள். "யார்கிட்ட பேசுறீங்க? குளிச்சிட்டு வந்து மிதிக்கிறேன்னு சொன்னேன்ல?"

காரில் யாருமில்லை.

கருவிகளைப் பெட்டியில் போட்டு மூடினேன். இருவரும் சரிவுச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். சத்தமும் இல்லை, ஒழுகலும் இல்லை. திருப்பத்தில் ஒரு பந்து உருண்டு வந்தது. பின்னாலேயே ஒரு சிறுமி ஓடிவந்தாள். அவளுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

"அப்பாடா!" மனைவி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "நல்லவேளை, சட்டுன்னு மிதிச்சீங்க."

பெடல் அமுங்கியிருந்தது. என் கால் இன்னும் அதன்மேல் படவில்லை.

சிறுமி பந்தோடு ஓரத்துக்குப் போகும்வரை காத்திருந்தேன்.

"விடு," என்றேன் மெதுவாக.

பெடல் மேலே வந்தது.