பதினேழாம் மேஜையின் விளக்கு

பதினேழாம் மேஜையில் ஆள் இல்லை. அதன் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மஞ்சுநாத் அதைப் பார்த்துவிட்டார். பீன்யா தொழிற்பேட்டையில் இருந்த அந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு அவர்தான் மேனேஜர்; கன்னடம் கலந்த தமிழ் அவருடையது.

“இங்க நோடம்மா. சேர் காலி, லைட் எரியுது. உன் டப்பா பொய் சொல்லுதா, இல்ல இங்க யாராவது பொய் சொல்றாங்களா?”

கிருத்திகா அப்போது பதினைந்தாம் மேஜைக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, கைதவறி விழுந்த ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மேஜைக்கு அடியில் பொருத்தியிருந்த டப்பா அவளுடையது. மூன்று வருட ஆராய்ச்சி. தையல் மெஷின் ஓடினால் மேஜை அதிரும். அந்த அதிர்வில் டப்பாவுக்குள் ஒரு மெல்லிய பட்டை நடுங்கும். நடுக்கம் மின்சாரமாகி விளக்கை எரிக்கும். பேட்டரி கிடையாது. மெஷின் நின்றால் அரை நிமிஷத்தில் விளக்கும் அணைந்துவிடும்.

பதினொன்று முதல் இருபது வரை பத்து மேஜைகளில், மூன்று வாரமாகப் பரிசோதனை. மெஷின் ஓடிய நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டதைவிடக் கூடுதலாகவே மின்சாரம் வந்தது. ஏன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவளுடைய ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் வெங்கடகிருஷ்ணன், காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று சந்தோஷப்பட்டார்.

மஞ்சுநாத்துக்கும் சந்தோஷம், வேறு காரணத்துக்காக. விளக்குகளை மேஜைக்கு மேலே தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னார். ஏதோ ஆர்வம் என்று நினைத்து அவளும் வைத்துக் கொடுத்தாள்.

இரண்டாம் நாளே புரிந்தது. தன் கண்ணாடி அறையில் இருந்தபடி அவர் அணைந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் கழிவறைக்குப் போனது, எத்தனை நிமிஷம். மூன்று முறை மாட்டினால் கேட்டுக்கு வெளியே.

பதினேழாம் மேஜை லாவண்யாவுடையது. அவள் இரண்டு முறை மாட்டியிருந்தாள்.

முந்நூறு டப்பாக்களுக்கான ஆர்டர் கடிதம் கிருத்திகாவின் பையில் இருந்தது. இன்று மஞ்சுநாத் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

மேலே இருந்து பார்க்கிறவருக்கு, பதினாறில் சரசு தலை குனிந்து காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

கீழே இருந்தவளுக்குச் சரசுவின் இடது கை தெரிந்தது.

நூல் வெட்டும் சின்னக் கத்தரியின் முனையால் அது பக்கத்து மேஜையின் அடிப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. தட்டினால் பட்டை கொஞ்ச நேரம் நடுங்கும். நடுக்கம் அடங்குவதற்குள் அடுத்த தட்டு. முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை.

அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கக் கிருத்திகாவுக்கு ஆய்வகத்தில் எட்டு மாதம் ஆகியிருந்தது.

சரசு அவளைப் பார்த்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

“ஏம்மா, உன்னத்தான் கேக்கறேன்.” மேலே மஞ்சுநாத்தின் குரல்.

கிருத்திகா எழுந்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

“டப்பாதான் சார். பக்கத்து மெஷின் ஓடினாலே எரிஞ்சிடுது. இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

“மூணு வாரம் கழிச்சா சொல்ற இத? ஹெட் ஆபீஸ் வரைக்கும் பேசி வச்சிருக்கேன்.” அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது. “கழட்டி எடுத்துட்டுப் போ.”

அவர் படியேறிப் போனார்.

ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி லாவண்யா வந்து உட்கார்ந்தாள். மெஷின் ஓடத் தொடங்கியது. விளக்கு முன்பு எரிந்த மாதிரியேதான் எரிந்தது.

கிருத்திகா திருப்புளியுடன் மறுபடி கீழே குனிந்தாள்.

“கெட்டுப்போச்சா மேடம்?” சரசு தையலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஐயோ பாவம். நல்லாத்தானே எரிஞ்சிட்டிருந்துது?”

பதினேழின் டப்பாவைக் கழற்றினாள். அதை ஒட்டி, பலகையில் கத்தரி முனை பட்டுப் பட்டு ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. விரல் நுனியால் தடவிப் பார்த்தாள்.

பிறகு பதினெட்டு. பத்தொன்பது. இருபது. திரும்பி வந்து பதினொன்று.

பத்து மேஜைகளிலும் அந்தக் குழி இருந்தது.