சின்ன ரிப்பேர்

சர்வீஸ் கடைப் பெண் கேமராவிலிருந்து லென்ஸைத் திருகி எடுத்தாள்.

உள்ளிருந்த சின்னக் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். லென்ஸ் பொருந்தும் வட்டத்தில் வரிசையாக இருந்த பொன்னிறப் புள்ளிகளைத் துணியால் துடைத்தாள்.

"கீழ விழுந்துச்சா சார்?"

"விழுந்திருக்கும். சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றான்.

பக்கத்தில் நின்ற மனைவி சுகந்தி அவனைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் பக்கவாட்டு ரப்பர் மூடியைத் திறந்து கேபிளைச் செருகினாள். கம்ப்யூட்டரில் படங்கள் வந்தன.

மகளின் பிறந்தநாள். பலூன்கள். இன்னும் வெட்டாத கேக்.

கடைசிப் படத்தில் அவன் இருந்தான். தோளில் மகள். அவன் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஒவ்வொரு இமைமுடியும் துல்லியமாக இருந்தது.

எடுத்தவர் மாமனார்.

அன்று எடுத்துவிட்டு அவர் கேமராவை நீட்டியபோது வாங்கித் துளையில் கண் வைத்தான். எல்லாம் மங்கல். படத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. வாங்கி இருபது நாள்கூட ஆகாத கேமரா.

"தெரியாதவங்க எதுக்கு மாமா இதையெல்லாம் தொடுறீங்க?"

அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால்.

"கீழ போடல மாப்ள" என்று ஒருமுறை சொன்னார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பினார்.

அப்போது மணி நாலு. முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர்.

"படமெல்லாம் சுத்தமா இருக்கே சார்."

அந்தப் பெண் லென்ஸைத் திரும்ப மாட்டிக் கேமராவைத் திருப்பினாள். கண் வைக்கும் துளையை ஒட்டி ஒரு சின்னச் சக்கரம். அவன் இதுவரை கவனித்ததே இல்லை. நகத்தால் அதைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"இப்பப் பாருங்க."

எதிர்ச்சுவர்க் காலண்டரில் ராகுகாலம் வரை படிக்க முடிந்தது.

"அவங்கவங்க பார்வைக்குத் தகுந்த மாதிரி வச்சுக்கிறதுக்கு சார் இது. கண்ணாடி போட்டவங்க யாராச்சும் கழட்டிட்டுப் பாத்தாங்களா?"

"எங்கப்பா" என்றாள் சுகந்தி.

அவன் பர்ஸை எடுத்தான்.

"ரிப்பேரே இல்ல சார். எதுக்குக் காசு?"

பர்ஸ் பாக்கெட்டுக்குள் போக மறுத்தது.

சுகந்தி போனில் எண்ணை அழுத்தி அவன் கையில் கொடுத்தாள்.

"சொல்லும்மா."

"நான்தான் மாமா."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். எழுந்து நின்றிருப்பார்.

"மாப்ள! கேமரா சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு மாமா. சின்ன ரிப்பேர்தான்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது.

கடைப் பெண் தலையைக் குனிந்துகொண்டு லென்ஸ் மூடியைத் தேடினாள். சுகந்தி படியிறங்கிப் போய் வெயிலில் நின்றாள்.

"நல்லதாப் போச்சு. ரெண்டு நாளா மனசே சரியில்ல. தப்பு என்னுதுதான். இனிமே கை வைக்க மாட்டேன் மாப்ள."

மேஜையிலிருந்த கேமராவின் சின்னச் சக்கரத்தை அவன் விரலால் தொட்டான்.

"சரி. போனை வச்சிடவா?"

"வைக்காதீங்க மாமா" என்றான்.