தாட்சாயிணியின் வல்லாரை

மேல் வீட்டிலிருந்து அன்றும் தண்ணீர் சொட்டியது.

காய்ந்துகொண்டிருந்த துணிகளைப் பவித்ரா அவசரமாக உருவினாள். சுள்ளென்ற வெயிலில் இவள் பால்கனியில் மட்டும் மழை.

பாரிவாக்கத்தில் அந்த அடுக்குமாடிக்கு லாரித் தண்ணீர்தான். மேல் வீட்டு தாட்சாயிணியோ, பாதியாக அறுத்த நீல டிரம்மில் வல்லாரை வளர்த்து, நாளெல்லாம் ஊற்றிக்கொண்டே இருந்தார். கொடி டிரம்மை நிறைத்து, கம்பியில் படர்ந்து, கீழ் வீடு வரை தொங்கியது.

வாட்ஸ்அப் குழுவில் பலரும் கேட்டாயிற்று. அவர் கணவர் மோகன் மன்னிப்புக் கேட்பார். ஆனால் மனைவியை ஒரு நாளும் தடுத்ததில்லை. பவித்ராவுக்கு அதுதான் எரிச்சல். நேரிலேயே கேட்டுவிடுவதென்று படியேறினாள்.

கதவு திறந்திருந்தது. பால்கனியில் தாட்சாயிணி மக்கை மெல்லச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். இலைகளில் நீர் உருள்வதை, கனவில் பார்ப்பதுபோல் பார்த்து நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் பவித்ராவுக்கு வந்த காரியமே ஒரு கணம் மறந்துபோனது.

அவர் சிரித்துவிட்டு, காலி மக்கோடு சமையலறைக்குள் போனார்.

கூடத்தில் இருந்த மோகனிடம் பவித்ரா துணி நனைவதைச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. ஊற்றுவது அரிசி களைந்த தண்ணீரும் ஏ.சி. தண்ணீரும்தான் என்றார், சொட்டாமலிருக்க அடியில் தட்டு வைத்துவிடுவதாகவும் சொன்னார்.

"ஒரு தடவை ஊத்தினா போதும்னு நீங்க சொல்லலாமே அங்கிள்?"

"சொன்னா, நான் எப்போ ஊத்தினேன்னு கேப்பாம்மா."

பவித்ராவுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஞாபக சக்திக்கு நல்லதுன்னுதான் வல்லாரை வெச்சீங்களா?"

மோகன் இல்லையென்று தலையசைத்தார்.

"முன்னாடி ரோஜா, மல்லின்னு நிறைய வெச்சிருந்தா. ஊத்தி ஊத்தி எல்லாம் வேர் அழுகிப் போச்சு. ஆனா இவ, தண்ணி ஊத்த மறந்து நாமதான் சாகடிச்சிட்டோம்னு உக்காந்து அழுவா. அதான், எவ்வளவு ஊத்தினாலும் சாகாத செடியாத் தேடினேன்."

தாட்சாயிணி மக்கு நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்தார். வல்லாரையை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல நின்றார். பிறகு பவித்ராவின் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு இன்னிக்கு யாராச்சும் தண்ணி ஊத்தினீங்களா?"

பவித்ரா நகர்ந்து வழிவிட்டாள்.

"இல்ல ஆன்ட்டி. நீங்கதான் ஊத்தணும்."