கடைசி இலக்கம்

"ஏம்மா, தண்ணிக் கணக்கை இப்படியா அனுப்புவீங்க? முதல் தெரு நானூத்திப் பதிமூணு, ரெண்டாந்தெரு எழுநூத்தி ஆறு! பக்கத்து ஊர்க்காரங்க எல்லாம் ரவுண்டா, அழகா எழுதியிருக்காங்க. அரசு மானியம் போச்சு!" என்று பொறியாளர் குதித்தார்.

கால் தேயத் தெருத்தெருவாக நடந்து மீட்டர் பார்த்த பெண் எழுத்தர் குறிப்பேட்டை மூடி வைத்தார்.

தலைமை அலுவலக அதிகாரி வந்து அந்தத் தண்ணீர்க் கணக்கு அறிக்கையை விரித்தார். எல்லா எண்களின் கீழும் சிவப்புக் கோடு.

"நாப்பது ஊர்க் கணக்கையும் பார்த்தேன். முப்பத்தொம்பது ஊர்ல ஒவ்வொரு எண்ணும் பூஜ்யத்துலதான் முடியுது. உட்கார்ந்த இடத்துலயே எழுதியிருக்காங்க! மீட்டரைப் பார்த்து எழுதினது நீங்க மட்டும்தான். மானியம் உங்க ஊருக்குத்தான். இதையே எல்லா ஊருக்கும் மாதிரியா அனுப்பப் போறோம். யார் எழுதினது?"

பொறியாளர் எழுத்தரின் பக்கத்தில் வந்து நின்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"எங்க ஆபீஸ் அக்காதான் சார்!"