உதட்டில் ஓடிய நாடகம்

“அந்த நாடகத்தை நேத்து லீவுல வீட்டுல உட்காந்து சத்தத்தோட பாத்தேன். நீ எங்களுக்குச் சொன்னதுல ஒரு வார்த்தைகூட அதுல இல்லடி!”

நெசவாலையின் பின்முற்றத்தில், கை கழுவும் குழாயருகே, கதைக்காரியை வழிமறித்து நின்றாள் துணி பார்ப்பவள். தறியிலிருந்து இறங்கும் துணியை வெளிச்சத்தில் விரித்து, பழுதுள்ள இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுவது அவள் வேலை. மனிதர்களையும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டாள். ‘அரிச்சந்திரனோடு கூடப் பிறந்தவள்’ என்று ஆலையே அவளைக் கேலி செய்யும்.

“மெதுவாப் பேசுக்கா,” என்றாள் கதைக்காரி.

தறிகள் ஓடும்போது ஆலைக்குள் காது எதற்கும் உதவாது. அங்கே எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலுள்ள உணவறையிலும் அதே இரைச்சல்தான். மதியம் அங்கே ஓடும் தொலைக்காட்சி வெறும் ஊமைப்படம். புருஷன் கைவிட்ட ஒருத்தி, பெண் குழந்தையோடு வறுமையிலிருந்து கரையேறப் போராடும் தொடர் அது. பஞ்சுத் துகள்கள் வெளிச்சத்தில் மிதக்க, கனவில் வருபவர்கள்போல் அந்த முகங்கள் வாயசைக்கும்.

மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. கதைக்காரி மட்டும் அந்த உதடுகளைப் படித்து, தன் உதட்டால் கதை சொல்வாள். தங்களுக்குத்தான் அந்த வித்தை இன்னும் கைகூடவில்லை என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

“அது வேற பாஷையில எடுத்த நாடகமாம். நம்ம பாஷையில குரலை மட்டும் ஒட்டியிருக்கான். அப்புறம் நீ யாரு உதட்டைப் படிச்ச? உங்க பாட்டன் உதட்டையா?”

கதைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “முதல் நாளே எனக்கும் ஒண்ணும் புரியலக்கா. நீங்க எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு உட்காந்திருந்தீங்க. என்னதான் பண்றது?”

“நாடகக்காரிக்குச் சொந்தமாத் தையற்கடை வச்சுக் கொடுத்தியே, அது?”

“பாவம், கஷ்டப்படறாளேன்னு நானே வச்சுக் கொடுத்தேன்.”

“பல்லைக் காட்டாதே. நேத்து அவ குழந்தையை நாத்தனார் கையில கொடுத்துட்டு, திரும்பிப் பாக்காமப் போயிட்டா. நீ என்னடான்னா, ‘கொடுக்க மாட்டேன்னு கதவைச் சாத்திட்டா’ன்னு சொன்னியாம்!”

சிரிப்பு அடங்கியது.

“எதிர்ல புதுசு உட்காந்திருந்தாளேக்கா.”

அண்மையில் வேலைக்கு வந்த இளம்பெண்ணுக்கு ஆலை வைத்த பெயர் ‘புதுசு’. அவளையும் புருஷன் விட்டுப் போயிருந்தான். மகளை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் தினமும் தறிக்கு வருவாள். பிள்ளையில்லாத, வசதியான நாத்தனார் அந்தக் குழந்தையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை: கொடுத்த பிறகு பெற்றவள் அந்த வாசலை மிதிக்கக் கூடாது.

“இன்னிக்குச் சாயங்காலம் புதுசோட நாத்தனார் முடிவு கேக்க வராளாம். நாடகக்காரி கொடுத்துட்டான்னு தெரிஞ்சா இவளும் கொடுத்துருவா. அவளைப் பாத்துத்தான் இவ மூச்சே விடறா.”

“அதுக்காக இப்படிப் புளுகுவியா? உன் கட்டுக்கதையை நம்பி, பூட்டின அறைக்குள்ளயே ஒரு குழந்தை வளரணுமா? உள்ளது தெரிஞ்சு அவளே முடிவு பண்ணட்டும். இப்பவே போய்ச் சொல்றேன்.”

“வேணாம்க்கா...”

துணி பார்ப்பவள் நிற்கவில்லை. கதவைத் திறந்ததும் தறிகளின் பேரிரைச்சல் கடலைப்போல் வந்து மூடிக்கொண்டது. பழகியவர்களுக்கு அந்தச் சத்தத்தின் நடுவே ஓர் அமைதி உண்டு. உறக்கத்துக்குள் இறங்குவதுபோல் அதற்குள் இறங்கி நடந்தாள். பஞ்சு மெல்லெனப் பெய்துகொண்டிருந்தது.

தறிக்கு அப்பால் நின்ற புதுசு, நூலிலிருந்து கையை எடுக்காமலே முகத்தை நிமிர்த்தினாள். இமைகளில் வெண்பஞ்சு படிந்திருந்தது.

‘நேத்து வீட்டுலதானே இருந்தீங்க அக்கா?’ என்று அவள் உதடுகள் கேட்டன. ‘நாடகத்தைச் சத்தத்தோட பாத்தீங்களா?’

‘பாத்தேன்.’

‘அவ... குழந்தையைக் கொடுக்கலதானே?’

துணி பார்ப்பவள் வாயைத் திறந்தாள். உள்ளதைச் சொல்ல ஒரு சொல் போதும். ஆனால் எதிரே இருந்த கண்கள், சந்நிதியில் நிற்பவள் சுடரைப் பார்ப்பதுபோல், அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தன.

தறி ஓடிக்கொண்டே இருந்தது. விரற்கடை விரற்கடையாகத் துணி வளர்ந்தது.

‘கொடுக்கல கண்ணு.’

புதுசு கண்களை மூடித் திறந்தாள். உடனே அடுத்த கவலை வந்து அந்த முகத்தில் உட்கார்ந்தது. ‘அப்ப, அவ வேலைக்குப் போற நேரத்துல குழந்தையை யாருக்கா பாத்துக்கறது?’

பின்னாலேயே ஓடிவந்த கதைக்காரி, உணவறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து அந்த உதடுகளைப் படித்தாள். இந்தக் கேள்விக்கு அவளிடமும் கதை இருந்ததில்லை.

துணி பார்ப்பவள் ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக, பிசகாமல் வாயசைத்தாள்.

‘அவகூட வேலை செய்யுற அக்கா ஒருத்தி இருக்கால்ல, துணி பாக்குறவ? அவ நாளையிலேருந்து சாயங்கால ஷிப்டுக்கு மாறிக்கறா. பகல் முழுக்கக் குழந்தை அவ வீட்டுலதான்.’